நான்கு நிமிடக் கோதுமை வயல்

ஸ்வேதா இறந்து ஏழாவது மாதம், கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில், ஷர்மிளா என்ற பெண் ஸ்வேதாவின் அம்மா வடிவுக்குப் போன் செய்தாள். பெங்களூரில் ஸ்வேதா வேலை பார்த்த கம்பெனியில் இருப்பவள். சொந்த ஊர் கொடைக்கானலை ஒட்டிய அட்டுவம்பட்டி. ஸ்வேதாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தவளும், பிறகு ஆம்புலன்ஸில் அவளோடு பழனி வரைக்கும் வந்தவளும் இவள்தான்.

"ஆன்ட்டி, எங்க ஷோ கொடைக்கானலுக்கு வந்திருக்கு. சீசன் முடியற வரைக்கும் இங்கதான். ஸ்வேதா செஞ்ச பார்ட் இதுல வருது. நீங்களும் அங்கிளும் ஒரு தடவை வந்து பாருங்களேன்."

வான் கோ என்ற பழைய காலத்து ஓவியரைப் பற்றிய கண்காட்சி அது. படங்களை மாட்டி வைக்காமல், பெரிய கூடத்தின் நான்கு சுவர்களிலும் கூரையிலும் தரையிலும் வெளிச்சமாகப் பாய்ச்சுவார்கள். படத்தில் உள்ள மரம் அசையும், ஆறு ஓடும். பார்க்க வந்தவர்கள் படத்துக்கு உள்ளேயே நிற்பார்கள். மகள் சொல்லிச் சொல்லி வடிவுக்கு இதெல்லாம் மனப்பாடம். ஆனால் தனக்குத் தெரியும் என்று வீட்டில் அவள் காட்டிக்கொண்டதே இல்லை.

அவள் கணவர் இராமலிங்கம் பழனி அடிவாரத்தில் சாமி படங்களுக்குச் சட்டம் போட்டு விற்கும் கடை வைத்திருந்தார். ஸ்வேதா ஒரே பிள்ளை. அவளுக்கு இருபத்து நான்கு வயதில் உடுமலையில் ஒரு மாப்பிள்ளையைப் பேசி முடித்தார். பூ வைக்க ஆள் வந்த அன்று காலையில் அவள் வேண்டாம் என்றாள். பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது, படங்களை அசைய வைக்கிற கம்ப்யூட்டர் வேலை, அதற்குப் போகிறேன் என்றாள். வந்தவர்கள் எழுந்து போனார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. "போறதுன்னா போயிக்க. இந்த வாசப்படிய இனிமே மிதிக்காத" என்றார் இராமலிங்கம். அவள் போனாள். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் அப்பாவும் மகளும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அந்த வாசப்படிக்கு அவள் திரும்பி வந்தபோது நான்கு பேர் தூக்கி வந்தார்கள்.

இந்த ஒன்றரை வருஷமும் வடிவு மகளோடு தினமும் பேசினாள். சாயங்காலம் ஆறரை மணிக்குத் துணி எடுக்கப் போகிறேன் என்று மொட்டை மாடிக்கு ஏறுவாள். கடை அடைத்து அவர் வருவதற்குள் பேசி முடித்துவிட்டு இறங்குவாள்.

ஷர்மிளா அழைத்ததை அன்று சாப்பாடு போடும்போது சொன்னாள். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கடையில சோலி கெடக்கு. நீ வேணா போயிட்டு வா."

வடிவு அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் வியாழக்கிழமை விடியுமுன் அவள் புறப்பட்டு நின்றபோது, அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வெள்ளனே போனாத்தான் சீட்டு கெடைக்கும். வெரசா வா" என்றார்.

பஸ் மலை ஏறிய மூன்று மணி நேரமும் வடிவுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. கண்காட்சியின் முடிவில், வேலை செய்தவர்களின் பெயர்கள் வரிசையாக வரும் என்று ஸ்வேதா சொல்லியிருந்தாள். "அம்மா, எல்லாரும் இனிஷியல் கேக்கறாங்க. உம் பேரோட எழுத்தப் போட்டுக்கட்டா?" என்று போன வருஷம் ஒரு நாள் கேட்டாள். வடிவு சிரித்துக்கொண்டே சரி என்றுவிட்டாள். அன்று ராத்திரி பாத்திரம் கழுவும்போதுகூடத் தனியாகச் சிரித்தாள். இப்போது அதை இவர் பார்த்துவிடக் கூடாதே.

கொடைக்கானலில் ஏரிக்குப் போகிற சாலை முழுக்கக் கார்கள் நகராமல் நின்றன. குதிரைக்காரர்கள் அவற்றின் இடுக்கில் புகுந்து போனார்கள். கண்காட்சிக்கென்று தகரமும் கறுப்புத் துணியுமாகக் கட்டிய பெரிய கூடாரத்தின் வாசலில் ஷர்மிளா காத்திருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. வடிவைப் பார்த்ததும் கட்டிக்கொண்டாள். இராமலிங்கத்தைப் பார்த்து என்ன செய்வது என்று தெரியாமல் கைகூப்பினாள்.

"உள்ள இருட்டா இருக்கும் அங்கிள், பாத்து வாங்க. மொத்தம் முப்பத்தஞ்சு நிமிஷம். கடைசில ஒரு கோதுமை வயல் வரும். அந்த நாலு நிமிஷமும் ஸ்வேதாதான். நாலு மாசம் ஆச்சு அவளுக்கு அதச் செய்யறதுக்கு."

"நாலு நிமிஷத்துக்கு நாலு மாசமா?" என்றார் இராமலிங்கம். காலையிலிருந்து அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"ஆமா அங்கிள். ஒவ்வொரு கதிரும் தனித்தனியா அசையணும்னு சொல்வா. எல்லாம் சேந்தாப்புல ஆடுனா பொய்யாத் தெரியும்பா."

உள்ளே ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். சிலர் தரையில் போட்டிருந்த மெத்தைகளில் சாய்ந்திருந்தார்கள். வடிவுக்கு முட்டி வலி என்பதால் ஷர்மிளா இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து சுவரோரம் போட்டாள். விளக்குகள் அணைந்தன. ஒரு ஆண்குரல் தமிழில் கதை சொல்லத் தொடங்கியது.

சுவர் முழுக்க ஓர் இருண்ட வீடு வந்தது. விளக்கடியில் ஏழைக் குடும்பம் ஒன்று உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தது. பிறகு சூரியகாந்திப் பூக்கள். பிறகு சுழலும் நட்சத்திரங்கள் கூரையிலிருந்து இறங்கி எல்லோர் சட்டைமேலும் ஓடின. ஜனங்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். இராமலிங்கம் எழுந்து போய்ப் பக்கத்துச் சுவரை விரலால் தொட்டுப் பார்த்தார். வெறும் துணி. அவர் புறங்கையில் நீல வண்ணம் நெளிந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

இந்த ஓவியர் தம் தம்பிக்கு மட்டும் அறுநூறுக்கு மேல் கடிதம் எழுதினார் என்றது குரல். சாப்பிட்டது, நடந்தது, என்ன நிறம் வாங்கினார் என்பது வரைக்கும் எழுதினாராம். தம்பிதான் கடைசி வரை அவரைத் தாங்கினாராம். அண்ணன் இறந்து ஆறு மாதத்தில் தம்பியும் போய்விட்டாராம்.

"அறுநூறு" என்று இராமலிங்கம் முணுமுணுத்தது வடிவுக்குக் கேட்டது.

பிறகு எல்லாம் இருட்டாகி, காற்றின் சத்தம் மட்டும் வந்தது. முதலில் தரையில் ஒரு மஞ்சள் கோடு. அது வளர்ந்தது. காலடியிலிருந்து சுவர் உச்சி வரைக்கும் கோதுமைக் கதிர்கள் எழுந்து நின்றன. மேலே கருநீல வானம். ஓவியர் தம் கடைசி நாட்களில் வரைந்த வயல் இது என்று சொல்லிவிட்டுக் குரல் நின்றுபோனது. காற்று இடதுபுறச் சுவரிலிருந்து புறப்பட்டு, கதிர்களைச் சாய்த்துக்கொண்டு, எல்லோருடைய கால்களையும் கடந்து, வலதுபுறச் சுவரில் ஏறியது. ஒரு கதிர்போல இன்னொன்று அசையவில்லை. 'இதத்தான் அம்மா அம்மான்னு எங்கிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தா' என்று வடிவு நினைத்தாள்.

வானத்திலிருந்து காகங்கள் வந்தன. கறுப்பு மையை உதறினாற்போல முதலில் புள்ளிகள். பிறகு சிறகுகள். தலைக்குமேல் பறந்து, சுவர் விட்டுச் சுவர் தாவி, சில தரையில் இறங்கின. குழந்தைகள் கத்திக்கொண்டு துரத்தின. ஒரு காகம் மட்டும் கூட்டத்திலிருந்து விலகி, இவர்கள் நாற்காலிக்கு முன்னால் இறங்கி, இடது காலை மடக்கிக்கொண்டு மூன்று முறை தத்தியது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. பறந்தது.

வடிவு முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

போன ஆவணி மாதம் ஸ்வேதா கேட்டிருந்தாள். "அம்மா, காக்கா எறங்கறது எப்படின்னு எனக்குச் சரியா வரல. நம்ம மாடில சோறு வெப்பியே, அப்ப வர்றத வீடியோ எடுத்து அனுப்பும்மா." வடிவு பத்து நாள் எடுத்து அனுப்பினாள். கை நடுங்கி, பாதிப் படத்தில் வானமும் தண்ணீர்த் தொட்டியும்தான் இருந்தன. அவர்கள் மாடிக்கு ஒரு நொண்டிக் காகம் வரும். மற்றவை தின்று போனபிறகு தத்தித் தத்தி வந்து மிச்சத்தைத் தின்னும். "இது போதும்மா, இவன்தான் எனக்கு வேணும்" என்று ஸ்வேதா குதித்தாள். அவள் போன பிறகு வடிவு தினமும் சோறு வைத்தாள். ஆனால் எந்தக் காகம் வந்தது என்று நின்று பார்க்க முடியவில்லை. வைத்ததும் இறங்கிவிடுவாள்.

வெளிச்சம் வந்தது. ஜனங்கள் எழுந்தார்கள்.

"ஏ வடிவு" என்றார் இராமலிங்கம் மெதுவாக. "அந்த நொண்டி, நம்ம மாடிக்கு வர்றதுல்ல?"

வடிவு தரையைப் பார்த்தாள். சுவரில் பெயர்கள் வந்துகொண்டிருந்தன. நல்லவேளையாக அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவ பாக்கணும்" என்றார்.

ஷர்மிளா அவர்களை அப்படியே உட்கார வைத்தாள். இரண்டாவது காட்சியில் அவர் சூரியகாந்தியையோ நட்சத்திரத்தையோ பார்க்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு வயலுக்காகக் காத்திருந்தார். வயல் வந்ததும் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார். வேட்டி முழுக்க மஞ்சள் ஆனது. நொண்டிக் காகம் இறங்கியபோது கையை நீட்டினார். அது அவர் உள்ளங்கைமேல் ஏறித் தத்திப் போனது.

இந்த முறை அவர் பெயர்களைப் பார்த்தார். எழுத்துக்கூட்டி, உதடு அசைய ஒவ்வொன்றாகப் படித்தார். வடிவு அவர் தோளைத் தொட்டு, "வாங்க, போவோம்" என்றாள். அவர் நகரவில்லை.

"வி. ஸ்வேதா" என்று படித்தார். "நம்ம பிள்ளதானா? ஆர்னுல்ல இருக்கணும்."

பக்கத்தில் நின்ற ஷர்மிளா, "ஸ்வேதாவே அப்படித்தான் போடச் சொன்னா அங்கிள்" என்றாள். சொன்ன பிறகுதான் வடிவின் முகத்தைப் பார்த்தாள்.

அவர் எழுந்து வெளியே போனார்.

கூடாரத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டி, யூகலிப்டஸ் மரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஏரிப்பக்கத்திலிருந்து மஞ்சு மூட்டம் ஏறி வந்தது. வடிவு பின்னாலேயே போய் நின்றாள்.

"எம் பேர்தாங்க அது" என்றாள். "எங்கிட்டக் கேட்டுத்தான் போட்டா. நான் அவகூடப் பேசிக்கிட்டுத்தான் இருந்தேன். தெனமும் பேசுனேன். உங்ககிட்ட மறைச்சுட்டேன்."

"தெரியும்" என்றார் அவர்.

வடிவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஆறரைக்கு நீ மாடிக்கு ஏறுவ. ஏழு மணிக்கு வந்துக்கிட்டு இருந்தவன் ஏழரைக்கு வர ஆரம்பிச்சேன்ல? எதுக்குன்னு நெனச்ச? நீ பேசி முடிக்கட்டும்னுதான். சில நாள் முன்னாடியே வந்து மாடிப்படில உக்காந்திருப்பேன். அவ பேசுறது கேக்காது. நீ பேசுறது கேக்கும். நீ சிரிச்சா, சரி, பிள்ள நல்லாருக்குன்னு எந்திரிச்சுப் போயிருவேன்."

வடிவு பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். ஏழு மாதமாக யாரிடமும் சொல்லாத ஒன்று அவளிடம் இருந்தது. இதைச் சொல்லாமல் இனிமேல் இவரோடு ஊர் திரும்ப முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

"காய்ச்சல் வந்தப்பவும் எங்கிட்டச் சொன்னா" என்றாள். "மொத நாள் லேசாத்தான்னா. மறுநாள் மாத்திரை போட்டேன்னா. மூணாம் நாளு..." அவளுக்கு மூச்சு வாங்கியது. "மூணாம் நாளு, அம்மா நீ வர்றியான்னு கேட்டா. நாளைக்கு அப்பாகிட்ட ஏதாச்சும் சொல்லிட்டு வாரேன்டின்னு சொன்னேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. பேசுறது தெரிஞ்சிருமேன்னு பயந்துட்டேன். விடிஞ்சா ஷர்மிளா போன் பண்ணுது, ஆஸ்பத்திரில சேத்துட்டோம்னு. நாம கெளம்புறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. அன்னைக்கே போயிருந்தா..."

இராமலிங்கம் இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"அன்னைக்கு நான் படில இருந்தேன்" என்றார்.

வடிவு திரும்பிப் பார்த்தாள்.

"காய்ச்சல் விடலையாடின்னு நீ கேட்டது என் காதுல விழுந்துச்சு. நாளைக்கு வாரேன்னதும் விழுந்துச்சு. அப்படியே கடைக்குத் திரும்பிப் போயி, பக்கத்துக் கடை ஞானவேல்கிட்டச் சாவியக் கொடுத்தேன். ரெண்டு நாள் பாத்துக்கப்பா, ஒரு சோலியா வெளியூர் போறேன்னு சொன்னேன். நீ கேட்டதும் ரெண்டு பேருமே கெளம்பிரலாம்னு வீட்டுக்கு வந்தேன். நீ கேப்ப கேப்பன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ தோசையப் போட்ட. ஒண்ணும் சொல்லல."

"நீங்க சொல்லிருக்கலாம்ல?"

"வாய் வரல வடிவு. மிதிக்காதன்னு சொன்ன வாயி. நீ ஒரு வார்த்தை கேட்டுட்டா எனக்குச் சுளுவா இருக்கும்னு நெனச்சேன். காலையில கேப்பேன்னு படுத்துட்டேன்."

வடிவு அவரையே பார்த்தாள்.

"கேட்டுருக்கீங்க. எம் பிள்ள காய்ச்சல்ல கெடக்குன்னு கேட்டுட்டு வந்து உக்காந்து நாலு தோசை தின்னீங்க. இன்னும் கொஞ்சம் சட்னி வையின்னீங்க."

அவர் தலையசைத்தார்.

"எப்படிய்யா எறங்குச்சு உங்களுக்கு? எப்படி எறங்குச்சு?" அவள் கை ஓங்கி அவர் தோளில் அடித்தாள். இன்னொரு முறை அடித்தாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவள் அப்படிச் செய்ததில்லை. அவர் நகராமல் வாங்கிக்கொண்டார். அந்தப் பக்கம் ஐஸ்கிரீமோடு வந்த ஒரு குடும்பம் நின்று பார்த்துவிட்டு வேறு வழியாகப் போனது. அடித்த கையாலேயே தன் நெற்றியில் அடித்துக்கொண்டு வடிவு அழுதாள். "நானும்தானே சுட்டுப் போட்டேன். நானும்தானே நின்னு சுட்டுப் போட்டேன்."

அவரும் அழுதார். மகளைத் தூக்கிக்கொண்டு போனபோதும் அழாத மனுஷர். சத்தம் வராமல், வாயைத் திறந்து மூடி, மூச்சுக்குத் தவிக்கிறவரைப் போல அழுதார். வடிவு அவரைத் தேற்றவில்லை. அவருக்குத் தண்ணீர் கொடுக்கலாம் என்று தோன்றியது. பைக்குள் பாட்டில் இருந்தது. எடுக்கக் கை போகவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஷர்மிளா இரண்டு காகிதக் கோப்பைகளில் டீ கொண்டுவந்து பெஞ்சில் வைத்துவிட்டு நின்றாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது.

"நான் அதச் சொல்லிருக்கக் கூடாது ஆன்ட்டி. சாரி."

"நீ என்னம்மா பண்ணுவ" என்றாள் வடிவு.

இராமலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெண்ணை முதல்முறையாக நேராகப் பார்த்தார். "நீதானம்மா கடைசி வரைக்கும் கூட இருந்த?"

"ஆமா அங்கிள்."

"எம் பேச்ச எடுத்தாளா?"

ஷர்மிளா யோசித்தாள். பொய் சொல்லலாமா என்று யோசிக்கிறாள் என்று வடிவுக்குத் தெரிந்தது.

"ஆஸ்பத்திரில எதுவும் பேசல அங்கிள். மயக்கமாவே இருந்தா" என்றாள். "அதுக்கு முன்னாடி ஆபீஸ்ல எப்பவாச்சும் சொல்வா. எங்கப்பா படத்துக்குக் கண்ணாடி அறுத்தாருன்னா ஒரு நூல் பிசகாதுன்னு. அவ்வளவுதான்."

அவர் அதைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நெடுநேரம் ஆட்டினார்.

மூன்றரை மணி பஸ்ஸுக்கு ஷர்மிளா ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டாள். "அடுத்த வாரமும் வாங்க ஆன்ட்டி. எத்தனை தடவ வேணாலும் பாக்கலாம்" என்றாள். வருகிறோம் என்றும் வரவில்லை என்றும் வடிவு சொல்லவில்லை. அவள் தலையைத் தடவிவிட்டு ஏறினாள்.

பஸ்ஸில் கூட்டம். வடிவு பெண்கள் பக்கம் ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்தாள். இராமலிங்கம் பின்னால் எங்கோ நின்றார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பெருமாள்மலையில் பாதிப் பேர் இறங்கினார்கள். பஸ் பழனிச் சாலைக்குத் திரும்பியது. பக்கத்தில் இருந்த பெண்ணும் சவரிக்காட்டில் இறங்கிப் போனபோது, அவர் கம்பிகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்து, அவள் அருகில் உட்கார்ந்தார்.

"வடிவு" என்றார். "அவ அங்க போன மொத நாளு, போன்ல என்ன பேசுனா?"

வடிவு ஜன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவருக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. தனக்கென்று மிஞ்சியிருப்பது அந்தப் பேச்சுகள் மட்டும்தான். அதிலும் பங்கு கேட்கிறாரே என்று கோபம் வந்தது.

"ஒண்ணும் விடாமச் சொல்லு" என்றார் அவர். அவர் குரல் அவளுக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது. "எனக்கு ஒண்ணுமே தெரியாது வடிவு. அவ என்ன சாப்பிட்டா, எங்க தங்குனான்னுகூடத் தெரியாது."

பஸ் இன்னொரு வளைவில் திரும்பியது. கீழே வெகு தூரத்தில் வரதமாநதி அணைத் தண்ணீர் ஒரு முறை தெரிந்து மறைந்தது.

"ரூம்ல ஃபேன் சத்தம் போடுதுன்னா" என்றாள் வடிவு. அவள் இன்னும் அவரைப் பார்க்கவில்லை. "தூங்கவே முடியலம்மா, கடகடன்னு அடிக்குதுன்னா. கூட இருக்குற பிள்ள கன்னடம் பேசுது, ஒரு வார்த்தை புரியலன்னா. சோறு வேகவே இல்லையாம். தயிர ஊத்திப் பெசஞ்சு தின்னேன்னா."

"அப்புறம்?"

"அப்புறம், மாடிக்குப் போயி நின்னேம்மா, நம்ம ஊரு மாதிரி மலையே தெரியல, எந்தப் பக்கம் பாத்தாலும் வீடாத்தான் இருக்குன்னா. அழுதா. நானும் அழுதேன்."

"அப்புறம்?"

அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். இரண்டாம் நாள், மூன்றாம் நாள், முதல் சம்பளத்தில் வாங்கிய செருப்பு, அறுந்த செருப்பு, மழையில் நனைந்தது, மேலதிகாரி திட்டியது. அவர் குறுக்கே பேசவில்லை. மறந்துபோன இடங்களில் அவள் நின்று யோசிக்கும்போது அவரும் காத்திருந்தார். பஸ் மலை இறங்கி, காற்றில் வெக்கை ஏறி, பழனி பஸ் நிலையத்துக்குள் வந்து நின்றபோது, அவள் இரண்டாவது மாதத்தைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. எல்லோரும் இறங்கிப் போனார்கள். கண்டக்டர் வந்து, "எறங்குங்கம்மா, ஊர் வந்துருச்சு" என்று சொல்கிற வரைக்கும் அவள் சொல்லிக்கொண்டும், அவர் கேட்டுக்கொண்டும் இருந்தார்கள்.